வேலை செய்யாத மெஷினுக்குப் பதினோரு பூஜை

இளமதியின் கையைப் பார்த்து டாக்டரம்மா உச்சுக்கொட்டிய அன்றைக்கு, ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

தேர்வாய் கண்டிகையில் ஒரு பிஸ்கட் கம்பெனி பாக்கிங் வேலைக்கு ஆள் எடுத்தது. இளமதி பத்தாவது பாஸ். கண் பார்வை சுத்தம். எட்டு மணி நேரம் நின்றாலும் கால் தாங்கும். எல்லாவற்றிலும் டிக் விழுந்தது. கடைசியாகக் கையை நீட்டச் சொன்னார்கள். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. கட்டைவிரல் ஓரம் தண்ணி காணாத வயல் மாதிரிப் பாளம் பாளமாகப் பிளந்து, உள்ளே சிவப்பு தெரிந்தது.

"வீட்ல என்னம்மா வேலை பண்றீங்க?"

"துணி தொவைக்கிறேன் மேடம்."

"சோப்பு ஒத்துக்கல. இந்தக் கையோட தின்ற பொருளைத் தொட விடமாட்டாங்க. பத்து நாள் டைம் தர்றேன். சோப்புத் தண்ணியில கையே வைக்கக் கூடாது. ஆறினா வாங்க. ஆறலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டுருவாங்க."

டாக்டரம்மா ரொம்ப ஈசியாகச் சொல்லிவிட்டார். பாவம், அவர் மோகன்ராஜின் பேன்ட்டைப் பார்த்ததில்லை.

மோகன்ராஜ் இளமதியின் புருஷன். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இரும்புக் கம்பி போடும் மில்லில் வேலை. அவன் யூனிபார்ம் பேன்ட்டைக் கழற்றிப் போட்டால் படுக்காது, உட்காரும். கிரீஸ், கரி, இரும்புத்தூள், வேர்வை எல்லாம் சேர்ந்து அதற்குத் தனி எலும்பே முளைத்திருக்கும். அதற்கு நேர் எதிரி மாமனார் ஆதிநாராயணனின் வேட்டி. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல் வைத்திருப்பவர், வரப்பில் நடந்தாலும் வெள்ளை வேட்டிதான். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சேற்றுக்குப் பயந்தவர் வெள்ளை கட்டக்கூடாது, ஆனால் அவர் பயப்பட வேண்டியதில்லை. துவைக்கப்போவது அவரா என்ன? இவை போக, நாலாவது படிக்கும் மகள் அஸ்வினியின் துணி. அந்தப் பிள்ளை இங்க் பேனாவை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கபடி ஆடும்.

இத்தனையும் துவைப்பது பின்பக்கம் போர் பைப்புக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் பலகையில். நடுக்கூடத்திலோ, ஒரு வாஷிங் மெஷின் நிற்கிறது.

பொய் இல்லை. இரண்டு தொட்டி வைத்த மெஷின். ஒன்றில் துவைக்கும், இன்னொன்றில் பிழியும். பதினோரு வருஷமாக அதே இடத்தில் நிற்கிறது. கம்பெனி மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை. அதற்கு மேலே லேஸ் வைத்த துணி. துணிக்கு மேலே பிளாஸ்டிக் ரோஜா. ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் வாயில் பட்டதில்லை.

அது இளமதியின் அப்பா செய்த சீர். பொன்னேரிக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர். அப்பா எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார். இளமதிக்கு ஒன்பது வயதிலிருந்தே சோப்புச் சோடா பட்டால் கை வெடித்துப்போகும். கல்யாணம் முடிவானபோது அம்மா செயின் போடலாம் என்றாள். அப்பா கேட்கவில்லை. "செயினு கழுத்துல கெடக்கும். தினமும் எரியப்போறது கையி" என்று சொல்லி, மெஷினை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி, தானும் பின்னால் உட்கார்ந்து அது விழாமல் பிடித்துக்கொண்டே வந்தார். ஆள் அதிகம் பேசமாட்டார். நாலு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் போய்ச்சேர்ந்தார்.

ஆதிநாராயணனுக்கு மெஷினைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அந்தத் தெருவில் யாருக்கும் இப்படிச் சீர் வந்ததில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். காட்டுவதற்கு வசதியாகக் கூடத்தில் வைத்தார். காட்டும் பொருளில் தண்ணீர் ஊற்றுவார்களா? புதுசு என்றால் அவருக்கு உயிர். அதனால்தான் எதையும் பழசாக விடமாட்டார்.

அந்தக் காலத்தில் பொம்பளைகள் ஏரிக்கரை உவர்மண்ணைக் கரைத்துத் துணியை ஊறவைத்தார்களாம். அப்புறம் சவுக்காரம் வந்தது. அப்புறம் கட்டி சோப்பு, அப்புறம் பாக்கெட் பவுடர். டிவியில் ஒருத்தி சட்டையில் வேண்டுமென்றே குழம்பைக் கொட்டிவிட்டுச் சிரித்தாள். வெளிநாட்டில் மரப்பீப்பாய்க்குக் கைப்பிடி மாட்டிச் சுற்றுகிற மெஷின் நூறு வருஷத்துக்கு முன்னாடியே இருந்தது என்று அஸ்வினி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். அந்தச் சேதி இந்தத் தெருவுக்கு வர நூறு வருஷம் ஆகியிருக்கிறது. வந்த மெஷினும் கூடத்தில் ரோஜாவைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. எதிர்வீட்டு கங்கம்மா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அது ரிப்பேரான பிறகு அதில் கோழி அடைகாக்கிறது. சோப்பு இத்தனை தடவை மாறியும் துவைக்கிற கை மட்டும் மாறவே இல்லை.

கேட்காமல் இல்லை. கல்யாணமான முதல் மாசமே இளமதி கேட்டாள். "குழந்தை பொறக்கட்டும்மா" என்றார் மாமனார். குழந்தை பிறந்ததும் கேட்டாள். "குழந்தை கைய உட்டுக்கப்போவுது" என்றார். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் மறக்கவில்லை. இளமதிக்கு மறதி கிடையாது. அது அவளிடம் இருக்கும் ஒரே கெட்ட பழக்கம்.

கம்பெனியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னாள்.

"வேலைக்குப் போம்மா, நான் வேணான்னு சொல்லல" என்றார் ஆதிநாராயணன். "ஊட்டு வேலைய முடிச்சிட்டுப் போ."

"ஊட்டு வேல செஞ்சா அந்த வேல கெடைக்காது மாமா. அதத்தான் சொல்லிக்கினு கீறேன்."

"பத்து நாளு கையில பிளாஸ்டிக் கவரு மாட்டிக்கினு தொவைச்சிப் பாரு."

"கல்லுல அடிச்சா கவரு கிழிஞ்சிரும் மாமா."

மோகன்ராஜ் டிவியைப் பார்த்தான். அதில் ஒன்றும் ஓடவில்லை, விளம்பரம்தான். இருந்தாலும் ரொம்பக் கவனமாகப் பார்த்தான்.

மறுநாள் ஆயுத பூஜை. ஆதிநாராயணனுக்கு வருஷத்தில் முக்கியமான நாள் அதுதான். மம்பட்டி, அரிவாள், பம்புசெட், மோகன்ராஜின் பைக், ஸ்பேனர், அஸ்வினியின் புத்தகம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். பூஜையில் வைத்த பொருளை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குக் கற்பூரம் காட்டி, வைத்தவரே கொஞ்சம் நகர்த்தி எடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பூஜை எடுக்கிறது. அதற்கு முன்னால் தொட்டால் கை விளங்காது. இது ஆதிநாராயணனின் சட்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் விஜயதசமி காலையில் மில்லில் அவசரமாகக் கூப்பிட்டார்கள். பூஜை எடுக்கவில்லை என்று பைக்கைத் தொடவிடவில்லை. மோகன்ராஜ் மூன்று கிலோமீட்டர் நடந்து போய் பஸ் பிடித்தான்.

அந்த மெஷினுக்கும் வருஷா வருஷம் பூஜை உண்டு. பிளாஸ்டிக் உறை மேலேயே பெரிய பொட்டு. பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். பத்து ஆயுத பூஜை வாங்கிவிட்டது. இது பதினோராவது.

ஆதிநாராயணன் கற்பூரத் தட்டோடு கூடத்துக்கு வந்து நின்றார்.

"இன்னாம்மா, மெஷினுக்குப் பொட்ட காணோம்?"

"அது இன்னா வேல செஞ்சுது மாமா?"

"இன்னாது?"

"ஆயுத பூஜைன்னா ஒழைச்சதுக்குத்தான? மம்பட்டி ஒழைச்சுது, வெச்சாச்சு. பம்புசெட்டு ஒழைச்சுது, வெச்சாச்சு. இது இத்தினி வருசமா சும்மா நின்னுக்கினு பொரி தின்னுக்கினு கீது. இந்த வருசம் ஒழைச்ச ஆளுக்குத்தான் பொட்டு."

சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். துவைக்கிற கல்லை நாலு வாளி தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். பட்டையாகச் சந்தனம் பூசினாள். நடுவில் குங்குமம். கல்லின் மேலேயே வாளி, பிரஷ், சோப்பு டப்பா, பவுடர் பாக்கெட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தாள். சாமந்திப்பூ வைத்து, வாழையிலையில் பொரியைக் கொட்டினாள்.

மாமனார் வந்து பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தால், சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "கல்லும் ஊட்டுப் பொருளுதான. நல்லதும்மா" என்று சொல்லி, தன் கையாலேயே கற்பூரம் காட்டினார். போகிற போக்கில் மெஷினுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, அந்தக் கணக்கையும் பதினொன்றாக்கினார்.

கல்லுக்குக் காட்டிய அந்தக் கற்பூரம்தான் அவர் செய்த தப்பு.

விஜயதசமி காலை. எல்லாரும் அவரவர் பொருளை எடுத்தார்கள். மோகன்ராஜ் பைக்கை உருட்டினான். அஸ்வினி புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படித்துவிட்டு உடனே மூடினாள், பள்ளிக்கூட லீவு. மாமனார் பம்புசெட்டைப் போட்டுவிட்டு வந்து, "கல்ல எடும்மா, வேட்டி ஊறணும்" என்றார்.

"எடுக்கல மாமா."

"இன்னா எடுக்கல?"

"பூஜைய எடுக்கல. வெச்சவங்கதான எடுக்கணும்? எனக்கு மனசு வரல. அது பாட்டுக்கு ஒக்காந்திருக்கட்டும்."

"எத்தினி நாளைக்கு?"

"எட்டு நாளு."

ஆதிநாராயணன் பின்பக்கம் போனார். கல்லைப் பார்த்தார். அதன் நெற்றியில் அவர் காட்டிய கற்பூரப் புகை கருப்பாக ஒட்டியிருந்தது. அவர் சட்டம், அவர் கற்பூரம்.

இரண்டாம் நாள் அழுக்குக்கூடை நிரம்பியது. மூன்றாம் நாள் கூடைக்குப் பக்கத்தில் ஒரு மலை கிளம்பியது. இளமதி சமைத்தாள், பெருக்கினாள், மாட்டுக்கு வைக்கோல் போட்டாள், எதிலும் குறை வைக்கவில்லை. பாத்திரத்தை மட்டும் சோப்பில்லாமல் சாம்பல் வைத்துத் தேங்காய் நாரில், கையில் உறை மாட்டித் தேய்த்தாள். கல் பக்கம் போகவே இல்லை. பொரியைக் கங்கம்மாவின் கோழி வந்து தின்றுவிட்டுப் போனது. அதற்கு எந்தச் சட்டமும் தெரியாது.

நாலாம் நாள் மோகன்ராஜ் மில்லுக்குள் நுழைந்ததும் கூட வேலை செய்கிறவன், "தலீவா, பேன்ட்டு மட்டும் வேலைக்கு வந்துச்சா, நீயும் உள்ள கீறியா?" என்று கேட்டான். சாயங்காலம் மோகன்ராஜ் யூனிபார்மைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனான்.

"யக்கா, உங்க கல்லக் கொஞ்சம் குடேன்."

கங்கம்மா ஆந்திராப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கல்லு தரேன் நைனா. கை எவனுது?" என்று கேட்டாள்.

"என்னுதுதான்."

"அப்ப இரு, சேர் போட்டுக்கினு வரேன்."

கங்கம்மா மட்டுமா, தெருவே வேடிக்கை பார்த்தது. மோகன்ராஜ் பவுடரை அள்ளி அள்ளிப் போட்டான். பிரஷ்ஷால் தேய்த்தான். கல்லில் அடித்த அடியில் பேன்ட்டு கிழியவில்லை, பட்டன்தான் பறந்தது. இரும்பு வேலை செய்கிறவன் கையில் எப்போதும் நாலு கீறல் இருக்கும். அந்தக் கீறலில் எல்லாம் சோடா இறங்கியது. கடைசியில் பேன்ட்டு, கருப்பிலிருந்து சாம்பலுக்கு வந்து, அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து கையை ஊதிக்கொண்டே உட்கார்ந்தான்.

"எரியுது மே."

"எது?"

"கையி."

"எனக்குப் பதினோரு வருசமா எரியுது. நீ ஒரு நாளும் கேக்கல."

"நீ சொல்லவே இல்லியே."

"சொல்றதா? பஸ் ஸ்டாண்டுல போர்டு வெக்கணுமா? தெனம் இந்தக் கையாலதான உனக்கு நாஷ்டா வெச்சேன்? தட்டப் பாத்த, கையப் பாக்கலியா?"

மோகன்ராஜ் அவள் கையைப் பார்த்தான். எழுந்துபோய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தான். தன் கைக்குத்தான் போட்டுக்கொள்ளப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் அவள் கையை இழுத்து, ஒவ்வொரு விரல் இடுக்கிலும் தடவினான். ஸ்பேனர் பிடிக்கிற பிடி, வலித்தது. அவள் சொல்லவில்லை.

"நைனா கத்தும்" என்றான் கடைசியில், அப்பாவை நினைத்து.

"கத்தட்டும். அதுக்கு சோப்பு வேணாம்."

ஏழாம் நாள்தான் பெரிய பேஜாரு வந்தது. மறுநாள் திருநின்றவூரில் ஆதிநாராயணனின் தங்கை மகன் புது ஃப்ளாட்டுக்குப் பால் காய்ச்சுகிறான். தாய்மாமன் இல்லாமல் நடக்காது. தாய்மாமனுக்கோ வேட்டி இல்லை. மாற்றி மாற்றிக் கட்டிய ஆறு வேட்டியும் வரப்புச் சேற்றோடு மலையில் கிடந்தன. அதில் கொஞ்சம் பரவாயில்லாத ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ஒரே ஒரு வேட்டிம்மா."

அதட்டவில்லை. அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது. அதட்டியிருந்தால் அவளுக்குச் சுலபம். பெஞ்சாதி செத்ததிலிருந்து தன் வேட்டியைத் தானே மடித்து வைக்கிற மனுஷன், அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். இளமதியின் கை தானாக நீண்டது. ஒரு வேட்டிதானே, அஞ்சு நிமிஷம். வெடிப்பு இப்போதுதான் மூடிக்கொண்டு வருகிறது. புதுத்தோல், வெங்காயத் தாள் மாதிரி. இன்னும் இரண்டு நாள்.

நீண்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள்.

"இந்தக் கை இப்ப என்னுது இல்ல மாமா. டாக்டரம்மாது. வேட்டிய மெஷின்ல போடலாம், குடுங்க."

அப்போதுதான் அவர் கத்தினார். "மெஷினு மெஷினுன்னு! அது சம்பந்தி செஞ்ச சீரும்மா! அழுக்கப் போட்டு அது ஓடி ஓடிக் கெட்டுப்போச்சுன்னா, அந்த மனுசன் பேரு இந்த ஊட்ல எதுல நிக்கும்?"

"எங்கப்பா பேரு நிக்கறதுக்கு அத குடுக்கல மாமா." அவளும் குரலை உயர்த்தினாள். "என் கைக்குக் குடுத்தாரு. செயினு வேணாம், பொண்ணு கையி எரியும்னு குடுத்தாரு. வண்டி பின்னால ஒக்காந்து புடிச்சிக்கினு வந்தாரே, நீங்க கூடத்துல நிக்கவெச்சிப் பொட்டு வெக்கவா? நீங்க மரியாதன்னு நெனச்சிக்கினு, அந்த ஆளு குடுத்தத எனக்கு வராம பண்ணிட்டீங்க." கையைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேராக விரித்தாள். "பாருங்க. இத்தினி நாளு சோப்புத்தண்ணி படாமலே இப்பிடி கீது. பட்டப்போ எப்பிடி இருந்திருக்கும்?"

ஆதிநாராயணன் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். செயின் விஷயம் அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நேராகக் கூடத்துக்குப் போனார். ரோஜாவை எடுத்து டிவி மேல் வைத்தார். லேஸ் துணியை மடித்தார். பிளாஸ்டிக் உறையின் கயிற்று முடிச்சைப் பல்லால் கடிக்காமல், கத்தியால் அறுக்காமல், பொறுமையாக நகத்தால் அவிழ்த்தார். சத்தம் கேட்டு வந்த மோகன்ராஜ் பிழிகிற தொட்டியின் மூடியைத் திறந்தான்.

உள்ளே வேட்டி.

ஒன்றல்ல. கல்யாணத்தில் வைத்துக்கொடுத்தது, காதுகுத்தில் வைத்துக்கொடுத்தது, பொங்கலுக்கு ரேஷனில் கொடுத்தது என்று எத்தனையோ. எல்லாம் புத்தம் புதுசு. உறையின் ஓரத்தைத் தூக்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று அவர்தான் வருஷா வருஷம் உள்ளே வைத்திருந்தார். மேலே இரண்டு பரவாயில்லை. கீழே போகப் போகச் சல்லடை. மெஷினின் அடிப்பக்கம் திறப்பு. எலி அது வழியாக வந்து, குட்டி போட்டு, வளர்த்து, குடும்பத்தோடு காலி செய்துவிட்டுப் போயிருந்தது. போகும்போது மெஷினின் பெல்ட்டையும் தின்றுவிட்டுத்தான் போயிருக்கிறது.

அஸ்வினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இளமதி அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷன் ஓட்டை வேட்டி ஒவ்வொன்றையும் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி மடித்தார்.

"வெச்சிருந்தேம்மா" என்றார். "நல்ல நாளு வரும்னு."

"இதுல ஒண்ணு கட்டிக்கங்க மாமா" என்றாள் இளமதி. மேலே இருந்ததில் ஒன்றை எடுத்து நீட்டினாள். "நாளைக்கு நல்ல நாளுதான்."

அடுத்த நாள் அவர் திருநின்றவூர் போனார். மோகன்ராஜ் லீவு போட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டி பஜாரில் பெல்ட் வாங்கி வந்து மாட்டினான். மெஷினைக் கூடத்திலிருந்து பின்வாசலுக்கு நகர்த்தினான். தண்ணீர் ஊற்றி, குமிழைத் திருப்பினான். முதலில் உறுமியது. அப்புறம் இருமியது. அப்புறம் மலையிலிருந்து எடுத்துப் போட்ட பேன்ட்டை இந்தப் பக்கம் மூன்று சுற்று, அந்தப் பக்கம் மூன்று சுற்று என்று சுற்ற ஆரம்பித்தது. தண்ணீர் கருப்பாக மாறியது. இளமதி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கம்மா சேரோடு வந்துவிட்டாள்.

"ஏம்மே, ஜெயிச்சிட்ட."

"இன்னும் இல்லக்கா" என்றாள் இளமதி. "இத யாரு போடறதுன்னு ஒரு கேள்வி கீது."

டாக்டரம்மா சொன்ன பத்தாம் நாள், அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை விரித்துப் பார்த்தார். தழும்பு இருந்தது, வெடிப்பு இல்லை. பேப்பரில் கடைசி டிக் விழுந்தது.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட். காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஊர் முனையில் ஏற்றிக்கொண்டது. தேர்வாய் கண்டிகை ரோட்டில் திரும்பும்போது போன் அடித்தது. மாமனார். அவர் பேசினால் போனே தேவையில்லை, பஸ் முழுக்கக் கேட்டது.

"ம்மா, தொவைச்சி முடிச்சிட்டுது. தண்ணி எப்பிடிம்மா வெளிய போறது?"

"பக்கத்துல குண்டா ஒரு பைப்பு தொங்கும் மாமா. அத கீழ போட்டுட்டு, நடுக் குமிழ வலப்பக்கம் திருப்புங்க."

போனில் குமிழ் திரும்பும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு கூச்சல்.

"ம்மா! தண்ணி ஊட்டுக்குள்ள வருது!"

"பைப்ப எந்தப் பக்கம் போட்டீங்க?"

"உள்பக்கம்."

பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "இறங்கிப் போய் வந்துரு, கெழவரு பாவம்" என்றாள். டிரைவர்கூடக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார்.

இளமதி இறங்கவில்லை. ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"வெளிப்பக்கம் போடுங்க மாமா. உள்ள வந்த தண்ணிய மாப்பு போட்டுத் தொடச்சிருங்க, கதவு பின்னால கீது. மொத தபா அப்பிடித்தான் ஆவும். எனக்குக் கூட மொத தபா சோறு கொழைஞ்சிது, நீங்க சாப்ட்டீங்க இல்ல?"

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "சரி" என்றார். "வேட்டிய எப்பம்மா அந்தத் தொட்டிக்கு மாத்தணும்?"

"அலசிட்டு" என்று சொல்லிவிட்டு, அவள் போனை வைத்தாள்.